மருத்துவமனையில் உறைந்து கற்றோர்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் நிறுவனர் குவேக்கர் சபையினரான ஒரு வணிகர். மணம் செய்துகொள்ளாத அவர் 1873இல் மறைந்தபோது, ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்குமாக 70 இலட்சம் டாலர் எழுதிவைத்துச் சென்றார். நகரத்து ஏழை நோயாளிகள் ஆண் பெண் என்றோ, வயதென்றோ, நிறமென்றோ பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ளப்பட வேண்டும் என்பது அவர் விதித்த ஏற்பாடு. அம்மருத்துவமனை பின்னாளில் உலகப் புகழ் பெற்றதை யாவரும் அறிவர். அப்புகழுக்கு அடிப்படையாய் அமைந்த பயிற்சி முறையைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. மருத்துவப் பட்டம் பெற்ற இளைஞர் சிலரை மருத்துவமனைக்குள்ளேயே குடியமர்த்தி, பல ஆண்டுகள் ஓர் ஆசிரியரின் கண்ணெதிரே பணியாற்றச் செய்து, பொறுப்பைப் படிப்படியாகக் கூட்டி, ஈற்றில் நோயாளிகளை முற்றிலும் அவர்கள் கையில் ஒப்படைக்கும் முறையே அது. 'ரெசிடென்ட்' என்னும் பெயருக்கே 'அங்கே குடியிருப்பவர்' என்பதுதான் பொருள். நம் மருத்துவமனைகளில் இளம் மருத்துவரை 'ஹவுஸ் சர்ஜன்' என்று அழைக்கும் வழக்கிலும் அப்பொருளின் சாயல் எஞ்சியிருக்கிறது.

இறையியல் ஏட்டில் மருத்துவக் கல்வியின் வரலாறு எதற்கு என்று வாசகர் வினவக்கூடும். திருப்பணிக்கு ஆயத்தம் செய்யும் நம் கல்லூரிகளும் மாணவரை ஒரு சேகரத்துக்கு அனுப்பி, ஓர் ஆயரின் கீழ்ப் பழகச் செய்கின்றன. அம்முறை எதைத் தருகிறது, எதைத் தரத் தவறுகிறது, எதை நாம் அறியாமலே அடுத்த தலைமுறைக்குக் கடத்திவிடுகிறது என்னும் வினாக்கள் நமக்கும் உரியவை. இதே முறையை 130 ஆண்டுகளுக்கு மேலாகத் தீவிரமாகக் கையாண்ட வேறொரு பணியின் வரலாற்றை நாம் அறிந்திருப்பது நலம்.

முன்பிருந்த நிலை

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க மருத்துவப் பள்ளிகள் பல, ஆசிரியர்களே உரிமையாளராய் நடத்திய வணிக நிலையங்களாக இருந்தன. மாணவர் செலுத்திய கட்டணம் நேராக ஆசிரியரின் பைக்குச் சென்றது. சில மாதங்களே நீளும் குளிர்காலப் பருவம் இரண்டு. இரண்டாம் பருவத்தில் முதற்பருவத்து விரிவுரைகளே மறுபடியும் ஓதப்பட்டன. நோயாளியின் படுக்கையருகே ஒருமுறையேனும் நில்லாமல் பட்டம் பெற்று வெளியேறியோர் பலர். மூத்த மருத்துவர் ஒருவரிடம் சில ஆண்டுகள் தொழில் பழகும் பழைய வழக்கம் இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது. நாளடைவில் அதுவும் பெயரளவுக்குத் தேய்ந்தது. வசதியுடையோர் பட்டம் பெற்றபின் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கப்பலேறினர். ஆங்கே பெரும் பேராசிரியர்களின் துணைவராய், மருத்துவமனையிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிப் பணியாற்றும் இளைஞரைக் கண்டனர். அவ்வாறு கண்டு திரும்பியவருள் இருவர் பால்டிமோரில் ஒன்றுசேர்ந்தனர். உள்நோய் மருத்துவத்துக்கு வில்லியம் ஆஸ்லரும், அறுவை மருத்துவத்துக்கு வில்லியம் ஹால்ஸ்டெட்டும் தலைவராயினர். ஒரே கூரையின்கீழ் ஒரே முறையைக் கையாண்ட இவ்விருவரைப்போல் இயல்பால் மாறுபட்ட இருவரைக் காண்பது அரிது.

ஆஸ்லரின் ஆசிரியர் மூவர்

ஆஸ்லர் 1849இல் கனடாவின் பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில் ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையைப் பின்பற்றித் தாமும் குருத்துவப் பணியில் புகவேண்டும் என்பதே இளமையில் அவர் கொண்ட எண்ணம். 1867இல் டொரான்டோ நகரின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்ததும் அந்நோக்கத்துடனேயாம். ஆனால் 1868இல் அவர் மருத்துவத்துக்கு மாறினார். அவரை அத்திசையில் திருப்பியவரும் ஒரு குருவானவரே என்பது சுவையான செய்தி.

வெஸ்டன் என்னும் ஊரின் சேகர குருவானவராயிருந்த டபிள்யூ. ஏ. ஜான்சன் அங்கே ஒரு பள்ளியை நிறுவி நடத்திவந்தார். 1866இல் ஆஸ்லர் அதில் மாணவராய்ச் சேர்ந்தார். ஜான்சன் நுண்ணோக்கி வைத்திருந்தார். குளங்களிலிருந்து பாசியும் சிற்றுயிர்களும் திரட்டி, கண்ணாடித் தகட்டில் பதித்து ஆராய்வதில் பெருவிருப்பமுடையவர். விடுமுறை நாட்களில் சிறுவரை வயல்வெளிக்கு அழைத்துச் சென்று புதைபடிவங்களைத் தேடச் செய்வார். மாலை வேளைகளில் 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவரான தாமஸ் பிரவுன் எழுதிய 'ரெலிஜியோ மெடிசி' என்னும் நூலை, இனிய ஆங்கில நடைக்குச் சான்றாக, உரக்கப் படித்துக் காட்டுவார். ஒரு மருத்துவர் தம் சமய நம்பிக்கையைப் பற்றி எழுதிய அந்நூலை ஆஸ்லர் 1867இல் விலைக்கு வாங்கினார். வாழ்நாள் முழுதும் அப்பிரதியைத் தம்முடன் வைத்திருந்தார்.

இரண்டாமவர் ஜேம்ஸ் போவெல். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய பார்படோசில் பிறந்து, டொரான்டோவில் மருத்துவம் கற்பித்தவர். இயற்கை இறையியல் பற்றி 1859இல் நூலொன்றும் எழுதியவர். ஜான்சனின் நண்பரான இவரும் நுண்ணோக்கிப் பித்துக் கொண்டவரே. ஆஸ்லர் சிலகாலம் இவர் வீட்டிலேயே தங்கி, இவருடைய நூல்நிலையத்தில் ஊறிக் கிடந்தார். 1870இல் போவெல் மேற்கிந்தியத் தீவுகளுக்குத் திரும்பினார். அங்கே குருப்பட்டமும் பெற்றுத் திருப்பணியாளராகவே மறைந்தார். குருவாக எண்ணியவர் மருத்துவரானார். அவருக்கு மருத்துவம் கற்பித்தவரோ குருவானார். பிற்காலத்தில் கூட்டங்களில் அமர்ந்திருக்கும்போது, கையில் எழுதுகோலும் முன்னே தாளும் இருந்து மனம் வேறெங்கோ சென்றுவிட்டால், ஆஸ்லரின் கை தன்னையறியாமல் ஜேம்ஸ் போவெல் என்னும் பெயரையே எழுதும் என்று அவர் வரலாற்றை எழுதியவர் குறித்துள்ளார்.

மூன்றாமவர் மான்ட்ரீல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்து ஆசிரியர் பால்மர் ஹோவர்டு. இவரும் தம் நூல்களையும் வீட்டு வாசலையும் மாணவருக்குத் திறந்துவைத்தவர். ஆஸ்லர் 1872இல் அங்கே பட்டம் பெற்று, லண்டன், பெர்லின், வியன்னா ஆகிய நகரங்களில் பயின்று, 1874இல் மெக்கில்லுக்கே ஆசிரியராய்த் திரும்பினார். மான்ட்ரீல் பொது மருத்துவமனையின் பிணவறையில் நூற்றுக்கணக்கான உடல்களைத் தம் கையாலேயே அறுத்து ஆராய்ந்தார்.

1892இல் ஆஸ்லர் தம் மருத்துவப் பாடநூலை வெளியிட்டார். அதை அவர் காணிக்கையாக்கியது இம்மூவரின் நினைவுக்கே. ஒரு மருத்துவப் பாடநூலின் காணிக்கைப் பக்கத்தில் முதற்பெயராக ஒரு சேகர குருவானவரின் பெயர் நிற்கிறது. அந்நூலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1897இல் பிரடெரிக் கேட்ஸ் என்னும் பாப்திஸ்து போதகர் கோடை விடுமுறையில் அதை முழுவதும் படித்தார். பெருஞ்செல்வர் ராக்பெல்லரின் அறப்பணி ஆலோசகராயிருந்த அவர், மருத்துவம் உறுதியாகக் குணப்படுத்தவல்ல நோய்கள் எத்துணைச் சில என்பதை அந்நூலால் உணர்ந்து திடுக்கிட்டார். 1901இல் ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிலையம் தோன்றியதற்கு அவ்வாசிப்பே வித்தாயிற்று.

இம்மூன்று ஆசிரியரும் ஆஸ்லருக்குக் கொடுத்தது யாது? அவர்கள் கற்பித்த அறிவியல் விரைவில் பழமையாகிவிட்டது. கிருமியியல் முழுவதும் அவர்களுக்குப் பின்னர் வளர்ந்ததே. அவர்கள் கொடுத்தவை வீட்டு மேசையில் ஓரிடம், நூல்நிலையத்தின் உரிமை, தாங்கள் ஆர்வத்துடன் ஆராயும்போது அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு. நம் கல்லூரிகளில் களப்பணிக்கு மாணவரை அனுப்பும்போது எந்தச் சேகரம், எத்தனை குடும்பங்கள், பேருந்து வசதி உண்டா என்றெல்லாம் ஆராய்கிறோம். அங்குள்ள ஆயர் எந்நூலை இப்போது படிக்கிறார் என்றோ, அவர் வீட்டில் மாணவர் உட்கார ஒரு நாற்காலி உண்டா என்றோ கேட்பது குறைவு. பயிற்சி முடிந்து திரும்பும் மாணவரிடம் பேசினால், நடத்திய ஆராதனைகளின் எண்ணிக்கையைவிட அந்த ஆயரின் வீட்டைப் பற்றியே அவர்கள் நீளப் பேசுவதைப் பல ஆண்டுகளாய்க் கேட்டுவருகிறேன்.

திறந்த வாசல்

பால்டிமோரில் ஆஸ்லர் தாம் பெற்றதையே கொடுத்தார். விரிவுரை மண்டபத்திலிருந்து மாணவரை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவந்தது அவர் செய்த பெருமாற்றம். 1893இல் மருத்துவப் பள்ளியும் தொடங்கியபின், இறுதி ஆண்டுகளில் மாணவர் ஒவ்வொருவருக்கும் நோயாளிகள் ஒதுக்கப்பட்டனர். அவர்களின் வரலாற்றை எழுதுவதும், குருதியையும் சிறுநீரையும் சோதிப்பதும், ஆசிரியர் வரும்போது எடுத்துரைப்பதும் மாணவர் கடமை. அவர்களுக்கு மேலே மருத்துவமனையிலேயே குடியிருந்த உறைவிட மருத்துவர். அவருக்கு மேலே ஆஸ்லர். தம் கல்லறையின்மேல் எழுதவேண்டியது தாம் நோயாளிகளின் கூடத்தில் மாணவருக்குக் கற்பித்தேன் என்பது மட்டுமே என்று அவர் கூறியதுண்டு.

வெஸ்ட் பிராங்க்ளின் தெருவில் அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இளம் மருத்துவர் மூவர் குடியிருந்தனர். ஆஸ்லர் அவர்களுக்குத் தம் வீட்டு வாசற்கதவின் சாவியையே கொடுத்துவைத்திருந்தார். எந்நேரமும் உள்ளே வந்து நூல்களை எடுத்துப் படிக்கலாம். அம்மூவருள் ஒருவர் ஹார்வி கஷிங். அவர் ஆஸ்லரின் துறையினரே அல்லர். ஹால்ஸ்டெட்டின் அறுவைத் துறையில் பயின்றவர். மூளை அறுவை மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைநாட்டிய அவரே பின்னாளில் ஆஸ்லரின் வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதினார். 1925இல் வெளியான அந்நூலுக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. மேலே நாம் கூறிய போவெலின் பெயர் பற்றிய செய்தியும் அந்நூலினதே.

ஆஸ்லரின் கீழ்ப் பல ஆண்டுகள் உறைவிட மருத்துவராயிருந்த வில்லியம் சிட்னி தேயர், மலேரியாக் காய்ச்சலைக் குருதியில் நுண்ணோக்கியால் கண்டறிவதில் தலைசிறந்தார். அக்காலத்து மருத்துவர் பலர் டைபாய்டையும் மலேரியாவையும் பிரித்தறிய மாட்டாமல் இரண்டுக்கும் நடுவே ஒரு கலப்பு நோயைக் கற்பித்துக்கொண்டிருந்தனர். பால்டிமோரின் மலேரியாக் காய்ச்சல்கள் பற்றித் தேயரும் அவர் தோழரும் 1895இல் வெளியிட்ட ஆய்வு அம்மயக்கத்தைப் பெரிதும் நீக்கியது. வெஸ்டன் குருவானவரின் நுண்ணோக்கி மூன்றாம் தலைமுறையில் செய்த பணி இது எனலாம். ஆஸ்லரின் மற்றொரு உறைவிட மருத்துவரான ரூபஸ் கோல், 1910இல் திறக்கப்பட்ட ராக்பெல்லர் ஆய்வு நிலையத்து மருத்துவமனைக்கு முதல் இயக்குநரானார்.

மூடிய கதவு

ஹால்ஸ்டெட் 1852இல் நியூயார்க்கில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் துணிவும் கலகலப்பும் மிக்க அறுவை மருத்துவர். கோக்கேன் என்னும் பொருள் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்பது 1884இல் வியன்னாவில் வெளிப்பட்டதும், நரம்பைச் சுற்றி அதைச் செலுத்தி ஓர் உறுப்பையே மரத்துப்போகச் செய்ய இயலுமா என்று அவரும் தோழர்களும் தங்கள் உடலிலேயே சோதித்தனர். சோதனை வென்றது, சோதித்தோர் அடிமையாயினர். சிகிச்சைக்காக மருத்துவமனையில் அடைபட்ட அவருக்குக் கோக்கேனுக்கு மாற்றாக மார்பீன் பழக்கமாயிற்று. நோயியல் பேராசிரியர் வில்லியம் வெல்ச் அவரைக் கைவிடாமல் 1886இன் இறுதியில் பால்டிமோருக்கு அழைத்துவந்து தம் ஆய்வகத்தில் இடமளித்தார். அவர் முற்றிலும் மீண்டுவிட்டார் என்றே வெளியுலகம் நம்பியது. ஆஸ்லர் மருத்துவமனையின் உள்வரலாற்றை எழுதி முத்திரையிட்டு வைத்திருந்த குறிப்பு 1969இல் வெளியானபோதுதான், பணியேற்ற பின்னரும் ஹால்ஸ்டெட் மார்பீனை விடவில்லை என்பது உலகுக்குத் தெரிந்தது.

பால்டிமோரில் அவர் வேறு மனிதராயிருந்தார். பேச்சு குறைந்தது, கை நிதானமாயிற்று. விரைவே திறமை எனக் கருதப்பட்ட காலத்தில் மணிக்கணக்காக மெல்ல அறுத்து, ஒவ்வொரு குருதிக்குழலையும் கட்டி, தசையை நோகாமல் கையாண்டார். தம் அறுவைக்கூடத்துச் செவிலி கரோலின் ஹாம்ப்டனின் கைகள் கிருமிநாசினியால் புண்பட்டதைக் கண்டு மெல்லிய ரப்பர் கையுறை செய்வித்தார். 1890இல் அவரையே மணந்தார். கையுறை நோயாளியையும் சீழிலிருந்து காக்கிறது என்பதைக் கணக்கெடுத்து நிறுவியவர், அவரிடம் உறைவிட மருத்துவராய்ப் பயின்ற ஜோசப் பிளட்குட். கோடை மாதங்களில் ஹால்ஸ்டெட் வட கரோலினா மலைப்பண்ணைக்குச் சென்றுவிடுவார். தம் சட்டைகளைச் சலவைக்குப் பாரிசுக்கு அனுப்புவார் என்றும் சொல்வர்.

அவர் இல்லாத நாட்களில் அறுவைக்கூடம் உறைவிட மருத்துவரின் பொறுப்பு. பயிற்சிக்குக் குறித்த கால எல்லை இல்லை. 1904இல் யேல் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவரின் பயிற்சி பற்றி ஆற்றிய உரையில், துணைவராக ஆறு ஆண்டும் தலைமை உறைவிட மருத்துவராக இரண்டு ஆண்டுமாகக் குறைந்தது எட்டு ஆண்டு என்று அவர் கணக்குக் கூறினார். பலர் கீழ்ப்படியில் ஏறினர். உச்சியில் ஒருவருக்கே இடம். 33 ஆண்டுகளில் அவ்விடத்தை அடைந்தோர் 17 பேர் மட்டுமே. ஆனால் அப்பதினெழுவருள் பெரும்பாலோர் வேறு பல்கலைக்கழகங்களுக்குச் சென்று அதே முறையை நாட்டினர். அமெரிக்க அறுவை மருத்துவம் அந்த ஒரு வேரிலிருந்தே பெரும்பகுதி கிளைத்தது.

ஆசிரியர் என்ற முறையில் அவரை எவ்வாறு மதிப்பிடுவது? ஹியூ யங் என்பவரை 1897இல் நடைவழியில் நிறுத்தி, சிறுநீர்ப்பாதை நோய்ப் பிரிவை இனி நீர் ஏற்றுக்கொள்ளும் என்றார். அத்துறையில் தமக்கு ஒன்றும் தெரியாதே என்று யங் பதறினார். அப்படித்தான் சொல்வீர் என்று எதிர்பார்த்தோம், ஆனால் கற்றுக்கொள்வீர் என நம்புகிறோம் என்பதே விடை. யங் அத்துறையின் முன்னோடியானார். இந்நம்பிக்கை ஒருவகைப் பெருங்கொடை. கஷிங்கின் அனுபவமோ வேறு. குடலிறக்க அறுவைக்குக் கோக்கேனால் நரம்பை மரத்துப்போகச் செய்யும் முறையை அவர் தாமே முயன்று கண்டுபிடித்தார். அம்முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே கண்டவர் தம் தலைவர் என்பது பின்னரே அவருக்குத் தெரிந்தது. அருகிருந்த ஆசிரியர் வாய் திறக்கவில்லை. அப்பழைய சோதனையின் பெயரைக்கூட எடுக்க முடியாத காயம் அவருக்குள் இருந்தது. பிற்காலத்தில் கஷிங் தம்மிடம் பயின்றோர்மீது மிகக் கடுமை காட்டினார். அவரிடம் பயின்ற வால்டர் டாண்டியுடன் மூண்ட பகை இருவர் வாழ்நாளிலும் தீரவில்லை.

பிழையும் வழிவழி வரும்

இவ்வாறு நெருங்கி வாழ்ந்து கற்பதன் ஆற்றலுக்கும் ஆபத்துக்கும் ஒரே சான்றாக மார்பகப் புற்றுநோய் அறுவையைக் கூறலாம். புற்றுநோய் மார்பிலிருந்து படிப்படியாக வெளிநோக்கிப் பரவுகிறது என்று கருதிய ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு அடியிலுள்ள தசைகளையும் அக்குள் நிணக்கணுக்களையும் ஒருங்கே அகற்றினார். 1894இல் 50 நோயாளிகளைப் பற்றி அவர் வெளியிட்ட முடிவுகளில், அறுத்த இடத்தில் நோய் மீண்டது மிகக் குறைவு. ஐரோப்பியர் கண்ட விகிதத்தோடு ஒப்பிட அது வியப்பளிப்பதாயிருந்தது. முற்றிய கட்டியோடு பெண்கள் வந்த அக்காலத்தில் அவர் செய்தது பெரும்பணி என்பதில் ஐயமில்லை.

அவருடைய மாணாக்கர் அதையே செய்தனர்; அவர்களுடைய மாணாக்கரும் அதையே செய்தனர். சிறிய கட்டியோடு வந்த பெண்களுக்கும் மார்புச்சுவரே வெளித்தெரிய அறுக்கப்பட்டது. கை வீங்கியோரும் தோள் முடங்கியோரும் பலர். லண்டனில் ஜெப்ரி கெய்ன்ஸ் என்பவர் 1920களிலேயே சிறிய அறுவையும் ரேடியமும் போதும் என்று காட்டத் தொடங்கினார். (பொருளியலறிஞர் கெய்ன்சின் தம்பி இவர்.) அமெரிக்க அறுவை மருத்துவர் செவிசாய்க்கவில்லை. 1971இல் பெர்னார்டு பிஷர் தலைமையில் தொடங்கிய பெரும் ஒப்பாய்வே, தசையையும் சேர்த்து அகற்றுவதால் பெண்கள் கூடுதலாக உயிர் வாழ்வதில்லை என்பதை ஐயமற நிறுவியது. அதற்குள் முக்கால் நூற்றாண்டு கடந்திருந்தது. மருத்துவர் எவரும் தீய எண்ணத்தால் இதைச் செய்யவில்லை. தாம் கைகட்டி நின்று கற்ற அறுவையைக் கேள்விக்கு உட்படுத்துவது தம் ஆசிரியரையே மறுப்பதுபோல் அவர்களுக்குத் தோன்றியது. நூலில் கற்ற பிழையைத் திருத்துவது எளிது. அன்புகொண்ட ஆசிரியரின் கையைப் பார்த்துக் கற்ற பிழை உடலில் ஊறிவிடுகிறது. நாம் பிரசங்கபீடத்தில் காட்டும் சில பழக்கங்களும், சேகரக் குழுவில் பேசும் சில தொனிகளும் எந்த மூத்த ஆயரிடமிருந்து வந்தவை என்று ஒவ்வொருவரும் எண்ணிப்பார்த்தால் இது விளங்கும்.

வழிவழி வந்த மற்றொன்று ஓய்வின்மை. உறைவிட மருத்துவர் மருத்துவமனையிலேயே உண்டு உறங்குபவர், மணமாகாதவர், இரவும் பகலும் அழைப்புக்கு உரியவர். காலம் மாறி, மணமாகி வெளியே குடியிருக்கத் தொடங்கிய பின்னரும் அந்த எதிர்பார்ப்பு மாறவில்லை. தொடர்ந்து 36 மணி நேரம் பணி, வாரத்தில் 100 மணிக்கு மேல் என்பது பல இடங்களில் இயல்பாயிற்று. 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட 18 வயது மாணவி சில மணி நேரத்தில் இறந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டவர்கள் நீண்ட பணியிலிருந்த இரு பயிற்சி மருத்துவர்கள். மூத்தவர் தொலைபேசியில் மட்டுமே இருந்தார். பத்திரிகையாளரான தந்தை விடாது போராடியதன் விளைவாக, 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி என்னும் வரம்பை விதித்தது. 2003இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. இதை எதிர்த்த மூத்த மருத்துவர் பலர். நோயின் தொடக்கம்முதல் முடிவுவரை ஒருவரே உடனிருந்து காணும் கல்வி போய்விடும் என்பது அவர்கள் கவலை. அக்கவலையில் உண்மை இல்லாமலில்லை. தம்மைப்போலவே மற்றவரும் துன்புற வேண்டும் என்னும் மனநிலையும் அதில் ஓரளவு கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாசலுக்கு வெளியே

ஒருவரோடு ஒருவர் உறைந்து கற்பதே கல்வி என்றால், உள்ளே உறைய எவருக்கு இடமில்லை என்பது சிறிய கேள்வியன்று. மருத்துவப் பள்ளி தொடங்கப் போதிய பணமின்றி அறங்காவலர் தவித்தபோது, மேரி காரெட் என்னும் பெண்மணியும் அவருடைய தோழியரும் நிதி திரட்டினர். காரெட் தாமே மூன்று இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். ஆண்களுக்குரிய அதே நிபந்தனைகளில் பெண்களையும் சேர்க்கவேண்டும் என்பது அவர் விதித்த கட்டளை. அதனால் உள்ளே வந்தவர்களுள் இருவர் டாரதி ரீடும் பிளாரன்ஸ் சேபினும். 1900இல் பட்டம் பெற்று, ஆஸ்லரின் துறையில் பயிற்சி மருத்துவராய் ஓராண்டு பணியாற்றினர். ரீடு 1902இல் ஹாட்ஜ்கின் நோயில் காணும் தனித்தன்மையுள்ள உயிரணுவை விளக்கி எழுதினார். அது இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேலே செல்ல வழியுண்டா என்று வெல்ச்சிடம் கேட்டபோது, பெண்ணுக்கு ஆசிரியப் பதவி அளிக்கக் கடும் எதிர்ப்பு உண்டு என்பதே விடையாய்க் கிடைத்தது. அவர் வெளியேறினார். அடிமையாகிவிட்ட நண்பரைக் கைவிடாத அதே வெல்ச்தான் இவர்.

சேபினுக்கு உடற்கூறியல் பேராசிரியர் பிராங்க்ளின் மால் துணைநின்றார். 1917இல் மால் மறைந்தபின் அவருடைய இடம் சேபினுக்கே உரியது எனப் பலர் எதிர்பார்த்தனர். அது அவரிடமே பயின்ற ஓர் ஆணுக்குச் சென்றது. அவருக்கு வேறொரு பேராசிரியர் பதவி கிடைத்தது. 1925இல் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்துக்குச் சென்ற அவர், அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தெரிவுபெற்ற முதற்பெண்மணியானார். 1934இல் தம் ஆசிரியர் மாலின் வரலாற்றை நூலாக எழுதினார்.

நிறுவனர் நிறம் பாராமல் நோயாளிகளைச் சேர்க்கச் சொன்னார். கறுப்பினத்தவர் சேர்க்கப்பட்டனர், ஆனால் தனிக்கூடத்தில். மருத்துவப் பள்ளியிலிருந்து கறுப்பின மாணவர் முதன்முதலில் பட்டம் பெற்றது 1967இல்தான். இவ்விடைவெளியில் நிகழ்ந்ததே விவியன் தாமஸின் வரலாறு. தச்சுவேலை அறிந்த இளைஞரான அவர் மருத்துவராக விரும்பிச் சேர்த்த பணம் வங்கி முறிவில் போயிற்று. 1930இல் ஆல்பிரட் பிளேலாக் என்னும் அறுவை மருத்துவரின் ஆய்வகத்தில் உதவியாளராய்ச் சேர்ந்து, 1941இல் அவருடன் ஜான்ஸ் ஹாப்கின்சுக்கு வந்தார். இதயக் கோளாற்றால் உடல் நீலம்பாரித்துப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஏதேனும் செய்ய இயலாதா என்று குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக் கேட்டார். அதற்கான அறுவையை நாய்களிடத்தில் பலமுறை செய்து செம்மைப்படுத்தியவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று அவ்வறுவை முதன்முதலாக ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்டபோது, பிளேலாக்கின் பின்னால் ஒரு படிக்கட்டின்மேல் நின்று தாமஸ் வழிகாட்டினார்.

அடுத்த பல ஆண்டுகள் உறைவிட மருத்துவர்கள் ஒவ்வொருவராய் அவருடைய ஆய்வகத்துக்கு வந்து, குருதிக்குழலைத் தைக்கும் கலையை அவர் கையிலிருந்து கற்றனர். தாம் ஒருநாளும் ஏறமுடியாத படிக்கட்டில் மற்றவரை அவர் ஏற்றிவிட்டார். அவர்களுட் பலர் நாடெங்கும் இதய அறுவைத் துறைகளின் தலைவராயினர். 1971இல் பிளேலாக்கின் பழைய மாணாக்கர் ஒன்றுகூடித் தாமஸின் உருவப்படத்தை எழுதுவித்து அம்மருத்துவமனைக்கு அளித்தனர். 1976இல் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கி, அறுவைத் துறையில் ஆசிரியராகவும் நியமித்தது. அப்போது அவர் கற்பிக்கத் தொடங்கி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. வழங்கப்பட்ட பட்டம் மருத்துவத்தில் அன்று, சட்டத்தில்.